உயிரைப் பிழிந்து பார்த்தவர்

பால் காய்ந்து இறக்கியதும் என் பாட்டி ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பாள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரை மோர்க் கிண்ணம் பக்கத்தில் வரும். யாராவது அவசரப்பட்டு அதற்கு முன்பே ஊற்றிவிட்டால் போச்சு. "கொன்னுட்டியேடி! பிரை செத்துப் போச்சே!" என்று கொலை வழக்கு மாதிரியே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

நான் எட்டாவது வகுப்புப் படித்தபோது, எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் சின்னச் சின்னக் குச்சிகளாக வரைந்து, இவைதாம் தயிரை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் என்று சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாட்டியிடம் போய், "நீ சாப்பிடும் தயிரில் கோடிக் கோடியாகப் பூச்சி இருக்கிறதாம்" என்று அறிவித்தேன். ஏகாதசி தவறாதவள்; வெங்காயம்கூடச் சேர்க்காதவள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா நான் பிராணியையாடா சாப்பிட்டுண்டிருந்தேன்?" என்று கேட்டாள். மூன்று நாள் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டாள். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. "நீதானே தினம் பிரை செத்துப்போச்சு என்று சொல்கிறாய்? உயிர் இல்லாதது எப்படிச் சாகும்?" என்று வாதாடிப் பார்த்தேன். "அது பேச்சுக்குச் சொல்றது" என்றாள். நான்காம் நாள் அப்பா குறுக்கிட்டு, அது பிராணி இல்லை, தாவர வர்க்கம் என்று சத்தியம் செய்தார். அந்தக் காலத்துப் பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லிற்று. (இன்று அவற்றைத் தாவரம் என்றும் சொல்வதில்லை, பிராணி என்றும் சொல்வதில்லை, தனி ராஜ்யம் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, பாட்டி இதைக் கேட்க இல்லை.) "செடின்னா சரி" என்று பாட்டி தயிரைப் பிசைந்துகொண்டாள்.

பிராணியா, செடியா, அல்லது உயிரே இல்லாத வெறும் சரக்கா என்ற இந்த வழக்கு எங்கள் வீட்டில் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் அறுபது வருஷம் நடந்தது. அங்கே வாதி பிரதிவாதிகள் எல்லாரும் மேதைகள். அதனால்தானோ என்னவோ, ரோசமும் கோபமும் நம் வீட்டுச் சண்டையை விட அதிகமாகவே இருந்தன.

அங்கே வழக்குக்கு வந்தது தயிர் இல்லை, ஈஸ்ட். திராட்சைச் சாறு பொங்கி மதுவாவதும், மாவு உப்பி ரொட்டியாவதும் அதனால்தான். 1680இல் ஹாலந்து தேசத்து லீவன்ஹூக் தம்முடைய கண்ணாடியில் பீரைப் பார்த்து, அதில் சின்னச் சின்ன உருண்டைகள் இருப்பதாக எழுதியிருந்தார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. 1789இல் லவாஸியே தராசை வைத்துக்கொண்டு, போன சர்க்கரையின் எடை இத்தனை, வந்த ஆல்கஹாலும் கரியமில வாயுவும் இத்தனை என்று செட்டியார் கடைப் பேரேடு மாதிரி கணக்கு எழுதி வரவு செலவைச் சரிக்கட்டினார். ஈஸ்ட்டின் உயிருக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

1837 வாக்கில் மூன்று பேர் தனித்தனியாக ஒரே செய்தியைச் சொன்னார்கள். பிரான்ஸில் கான்யார்-லத்தூர், ஜெர்மனியில் ஷ்வான், க்யூட்ஸிங். ஈஸ்ட் உருண்டைகள் மொட்டு விடுகின்றன, மொட்டு பெரிதாகிப் பிரிந்து இன்னோர் உருண்டையாகிறது. ஆகவே இவை உயிர்கள். இவை வாழ்வதால்தான் சர்க்கரை சாராயமாகிறது. ஷ்வானுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் உடம்பு உட்பட எல்லாப் பிராணிகளின் உடம்பும் செல்களால் கட்டப்பட்டது என்று இரண்டு வருஷம் கழித்து நிறுவப் போகிறவர் அவர்தான். ஈஸ்ட்டுக்கு அவர் 'சர்க்கரைக் காளான்' என்று பெயர் வைத்தார்.

அப்போது ஜெர்மன் ரசாயனத்தின் சக்கரவர்த்தி லீபிக். கீஸன் நகரத்தில் அவருடைய சோதனைச்சாலைக்குப் பல தேசங்களிலிருந்தும் மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார். அந்தப் பத்திரிகையில் 1839இல், பெயர் போடாமல், ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அவருடைய நண்பர் வோலர். காரசாரம் சேர்த்தவர் லீபிக். மிகத் திறமையான ஒரு புதிய மைக்ராஸ்கோப் வழியே ஈஸ்ட்டைப் பார்த்ததாகக் கட்டுரை ஆரம்பிக்கிறது. முட்டைகள் சர்க்கரைத் தண்ணீரில் வெடிக்கின்றன. குட்டிப் பிராணிகள் வெளிவருகின்றன. பார்வைக்குச் சாராயம் காய்ச்சும் வாலை மாதிரி இருக்கின்றன. பல் இல்லை, கண் இல்லை. வயிறும் குடலும் மற்ற துவாரங்களும் மட்டும் உண்டு. பிறந்த நிமிஷத்திலிருந்து சர்க்கரையை விழுங்குகின்றன. பின்புறத்திலிருந்து ஆல்கஹால் வருகிறது. முன்புறத்திலிருந்து கரியமில வாயு. மூத்திரப்பை நிறைந்தால் ஷாம்பேன் புட்டி வடிவத்தில் தெரிகிறதாம்!

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல கிண்டல். ஆனால் கிண்டல் என்பதே வாதம் ஆகிவிட்டால் எதிராளிக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் போகிறது. ஷ்வான் ஜெர்மனியை விட்டு பெல்ஜியத்துக்குப் போய் லூவெய்னில் பேராசிரியராகிவிட்டார். ஈஸ்ட்டைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய இருபது வருஷம் அடங்கிக் கிடந்தது.

லீபிக்கும் வோலரும் கெட்ட எண்ணத்தால் இதைச் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வோலர்தான் 1828இல் மூத்திரத்தில் இருக்கும் யூரியா என்ற சரக்கைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டியவர். சிறுநீரகமும் வேண்டாம், நாயும் வேண்டாம், மனிதனும் வேண்டாம், யூரியா செய்துவிட்டேன் என்று தம் குருவுக்கு எழுதிச் சந்தோஷப்பட்டவர். அதுவரை உடம்புக்குள் நடப்பதெல்லாம் 'ஜீவ சக்தி' என்ற ஒரு மாயத்தால் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அந்தப் பேயை ஓட்டத்தான் ரசாயனக்காரர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் ஒரு பையன் வந்து, சர்க்கரை உடைவதற்கும் ஓர் உயிர் வேண்டும் என்கிறான்! ஓட்டின பேயைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறானே என்று அவர்களுக்கு ஆத்திரம். ஈஸ்ட் என்பது அழுகிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், அது அழுகும்போது உண்டாகும் அதிர்ச்சி பக்கத்திலுள்ள சர்க்கரைக்கும் தொற்றி அதை உடைத்துவிடுகிறது என்பது லீபிக்கின் சித்தாந்தம்.

1856இல் பிரான்ஸில் லில் நகரத்தில் பீகோ என்ற ஆலைச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கஷ்டம் வந்தது. பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுப்பவர். அந்த வருஷம் பல தொட்டிகள் கெட்டுப் புளித்துப் போயின. அவருடைய மகன் அந்த ஊர்க் கல்லூரியில் மாணவன். விஞ்ஞானப் பிரிவின் தலைவர் பாஸ்டர். அவரைப் போய்ப் பிடித்தார்கள். பாஸ்டரும் தயங்காமல் ஆலைக்குப் போய்த் தொட்டித் தொட்டியாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை ஈஸ்ட். கெட்ட தொட்டியில் அதைவிட மிகச் சிறிய குச்சிகள். ஆல்கஹாலுக்குப் பதில் லாக்டிக் அமிலம், அதாவது நம் மோரில் புளிக்கும் அதே அமிலம். என் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த குச்சிகளின் குலத்தைச் சேர்ந்தவைதாம் அவையும்.

அடுத்த வருஷமே பாஸ்டர் எழுதினார்: ஒவ்வொரு புளிப்புக்கும் ஒரு தனி உயிர். 1860இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சுத்தமான சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் அம்மோனிய உப்பு, ஈஸ்ட்டை எரித்த சாம்பல். இவ்வளவுதான். இதில் ஊசிமுனை அளவு ஈஸ்ட்டை விட்டார். அது பெருகியது, சர்க்கரை பொங்கியது. அழுகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லையே, லீபிக் சொன்ன அதிர்ச்சி எங்கிருந்து வந்தது? 1861இல், காற்றே இல்லாமல் வாழும் கிருமிகள் உண்டு, காற்றுப் பட்டால் அவை ஓய்ந்துவிடுகின்றன என்றும் கண்டார். புளிப்பு என்பது காற்றில்லாத வாழ்க்கை என்ற முடிவுக்கு வந்தார்.

லீபிக் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து வருஷம் பொறுத்து நீளமாக ஒரு மறுப்பு எழுதினார். 1870 கோடையில் பாஸ்டரே ம்யூனிக்குக்குப் போய் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார். நீண்ட கோட்டு அணிந்த உயரமான கிழவர் மரியாதையாக வரவேற்றார். பேச்சு ஈஸ்ட்டை நோக்கித் திரும்பியதும், உடம்பு சரியில்லை, அதைப் பற்றி இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். சில நாட்களில் இரண்டு தேசத்துக்கும் யுத்தம் மூண்டது. மூன்று வருஷத்தில் லீபிக் காலமானார். அந்த அறையில் அன்று உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை கற்பனை செய்து பார்த்ததுண்டு. ஒரு நாடக ஆசிரியனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது, கிடைத்ததோ மௌனம்.

பாஸ்டருக்கு அடுத்த அடி எதிரியிடமிருந்து வரவில்லை; நண்பரிடமிருந்து, அதுவும் செத்துப்போன நண்பரிடமிருந்து வந்தது. உடற்கூற்றுச் சாஸ்திரத்தில் பிரான்ஸின் பெருமை க்ளாட் பெர்னார். பாஸ்டருக்கு அவரிடம் அபார மதிப்பு. 1878 பிப்ரவரியில் பெர்னார் இறந்தார். சில மாதங்களில், அவருடைய மேஜையில் கிடைத்த குறிப்புகளை ரசாயனப் பேராசிரியர் பெர்தலோ அச்சில் போட்டார். முந்தைய இலையுதிர் காலத்தில் தம் திராட்சைத் தோட்டத்தில் பெர்னார் யாரிடமும் சொல்லாமல் சோதனை செய்திருக்கிறார். உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே பழச்சாற்றில் ஆல்கஹால் உண்டாகலாம், கரையக்கூடிய ஒரு பொருளே அதைச் செய்யலாம் என்பது அவர் எண்ணம். பாஸ்டர் துடித்துப் போனார். மறுத்துப் பேச எதிரே ஆள் இல்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை. உடனே சொந்த ஊரான ஆர்புவாவில் தம் திராட்சைக் கொடிகளுக்கு மேல் கண்ணாடி வீடு கட்டினார். குலைகளைப் பஞ்சால் சுற்றினார். வெளியிலிருந்து ஈஸ்ட் வந்து ஒட்டாத அந்தப் பழங்களைப் பிழிந்தால் சாறு பொங்கவே இல்லை. குலைகளை விஞ்ஞானக் கழகத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். வழக்கு அவர் பக்கம் தீர்ப்பானதாக உலகம் நினைத்தது. 1895இல் அவர் கண்ணை மூடியபோதும் அப்படித்தான்.

இனிமேல்தான் என் கதாநாயகர் வருகிறார். இத்தனை பெரிய மனிதர்களுக்குப் பிறகு வருவதாலோ என்னவோ, எட்வர்ட் பூக்னர் என்ற பெயர் பலருக்குத் தெரிவதில்லை.

பூக்னர் 1860இல் ம்யூனிக்கில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தகப்பனார் போய்விட்டார். பத்து வயது மூத்த அண்ணன் ஹான்ஸ்தான் ஆதரவு. நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு, பழம் காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் சில வருஷம் வேலை பார்த்தார். அண்ணன் கிருமி சாஸ்திரக்ஞராகி, தம்பியையும் கைதூக்கிவிட்டார். கிருமிகளின் உள்ளே இருக்கும் சத்தைப் பிழிந்து எடுத்தால் நோய்க்கு மருந்தாகுமா என்பது அண்ணனுடைய யோசனை. பிழிவது எப்படி? ஈஸ்ட்டின் ஓடு கெட்டியானது. 1893இல் தம்பி மணலோடு சேர்த்து அரைத்துப் பார்த்தார். இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று சோதனைச்சாலை நிர்வாகம் சொல்லிவிட்டது. வேலை மூன்று வருஷம் கிடப்பில் போயிற்று.

1896 இலையுதிர் கால விடுமுறை. ட்யூபிங்கனில் வேலையாயிருந்த பூக்னர் அண்ணன் இருந்த ம்யூனிக்குக்கு வந்தார். அங்கே உதவியாளர் ஹான் என்பவர் அரைக்கும் முறையைச் சீராக்கியிருந்தார். சமையல் குறிப்பு மாதிரி நான் இதைச் சொன்னால் பெண் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பீர் ஈஸ்ட் 1 கிலோ, மணல் 1 கிலோ, கீஸல்கூர் என்ற மிருதுவான மண் 250 கிராம். குழவியால் விழுது ஈரப்பதமாகிற வரை அரைக்கவேண்டும். 100 கிராம் தண்ணீர் விட்டு, துணியில் முடிந்து, யந்திரத்தில் காற்றழுத்தத்தைப்போல் 400, 500 மடங்கு அழுத்தம் கொடுத்துப் பிழியவேண்டும். சக்கையை மறுபடி அரைத்து மறுபடி பிழியவேண்டும். தேங்காய்ப்பால் எடுப்பதுபோலத்தான், முதல் பால், இரண்டாம் பால். அரை லிட்டர் சாறு கிடைத்தது.

ஆனால் சாறு சீக்கிரம் கெட்டுப்போயிற்று. கெடாமலிருக்க என்ன செய்வது? வீட்டில் பழத்தை என்ன செய்கிறோம்? சர்க்கரைப் பாகில் போடுகிறோம். அதையே செய்தார்கள். சாற்றில் கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஊற்றி வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் குமிழி வர ஆரம்பித்தது.

அதைப் பார்த்தவர்கள், கெட்டுவிட்டது என்று சாக்கடையில் கொட்டியிருக்கலாம். முன்னே எத்தனை பேர் கொட்டினார்களோ! பூக்னர் கொட்டவில்லை. இங்கே ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட்டைத்தான் கொன்று, நசுக்கி, பிழிந்தாயிற்றே! ஆனாலும் சர்க்கரை சாராயமாகிறது, கரியமில வாயு நாள் கணக்கில் வருகிறது. உயிர் தப்பிய ஈஸ்ட் ஏதாவது ஒளிந்திருக்கிறதோ என்று நுண்ணிய வடிகட்டியில் வடித்துப் பார்த்தார், அப்போதும் பொங்கியது. 1897 ஜனவரி 9ஆம் தேதி, ஈஸ்ட் செல்கள் இல்லாமல் நடக்கும் ஆல்கஹால் புளிப்பு என்று தலைப்பிட்டுக் கட்டுரையை அனுப்பினார். சாற்றில் வேலை செய்யும் பொருளுக்கு 'ஸைமேஸ்' என்று பெயர் சூட்டினார்.

பாட்டியோடு நான் செய்த வாதம் எனக்கு இந்த இடத்தில்தான் நினைவுக்கு வந்தது. பூக்னரின் சாற்றை 40, 50 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரிந்துபோகிறது, அப்புறம் பொங்குவதில்லை. அதாவது உயிரில்லாத சாறும் 'செத்துப்'போகிறது. சூட்டில் சாவது உயிருக்கு அடையாளம் என்று நான் எட்டாவது வகுப்பில் அடித்துப் பேசினேனே, அந்த வாதம் செல்லாது. ஸைமேஸ் புரதங்களின் ஒரு கூட்டம். புரதம் என்பது நீளச் சங்கிலி ஒன்று ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து மடிந்து உண்டான உருவம். அந்த மடிப்பில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் தனக்கென்று ஏற்பட்ட பொருள் மட்டும் வந்து பொருந்தும், பூட்டில் சாவி பொருந்துகிற மாதிரி. சூடு பட்டால் மடிப்புக் குலைகிறது, பூட்டு உருகிப்போகிறது. இப்படிப்பட்ட வேலைக்காரப் புரதங்களுக்கு 'என்ஸைம்' என்ற பெயரை முன்பே ஒரு ஜெர்மானியர் கொடுத்திருந்தார். கிரேக்க மொழியில் அதற்கு 'ஈஸ்ட்டுக்குள்ளே' என்று அர்த்தம்.

ஆக, வழக்கில் யாருக்கு ஜெயம்? ஈஸ்ட் உயிருள்ளது என்றார் பாஸ்டர், அது உண்மை. சர்க்கரை உடைவது ரசாயனம் என்றார் லீபிக். அதுவும் உண்மை, அவர் சொன்ன காரணம்தான் தப்பு. கரையக்கூடிய ஒரு பொருள் உண்டு என்று நினைத்த பெர்னார், அது இல்லாத இடத்தில் தேடினார். பாஸ்டர் இன்னும் இரண்டு வருஷம் இருந்து பூக்னரின் கட்டுரையைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார்? இன்னொரு கண்ணாடி வீடு கட்டியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1907இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பூக்னருக்குக் கிடைத்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்வீடன் அரசர் காலமாகிவிட்டதால் விழா நடக்கவில்லை; தம் பிரசங்கத்தை மட்டும் செய்துவிட்டு வந்தார். முதல் உலக யுத்தத்தில் ஐம்பது வயதைக் கடந்த இந்தப் பேராசிரியர் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். 1917 ஆகஸ்டில் ருமேனியாவில் போக்ஷானி என்ற இடத்தில் குண்டடிபட்டு இறந்தார். உயிரில்லாமலே உயிரின் வேலை நடக்கும் என்று காட்டியவருக்கு வயது ஐம்பத்தேழு.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். லண்டனில் ஹார்டனும் யங்கும், கொதிக்கவைத்துக் கெடுத்த சாற்றைப் புதுச் சாற்றில் சேர்த்தால் புளிப்பு அதிகமாவதைக் கண்டார்கள். சூட்டுக்கு அஞ்சாத ஒரு சின்னத் துணைப் பொருளும், பாஸ்பேட் உப்பும் இல்லாவிட்டால் ஸைமேஸ் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று அதிலிருந்து தெரிந்தது. 1918இல் மயர்ஹோப் என்ற ஜெர்மானியர், ஈஸ்ட்டில் இருக்கும் அந்தத் துணைப் பொருள் பிராணிகளின் தசையிலும் இருக்கக் கண்டார். பிற்பாடு ஒவ்வொரு படியாக விளங்கியது. ஈஸ்ட்டும், நாம் மாடிப்படி ஏறும்போது நம் தொடையும் சர்க்கரையை ஒரே மாதிரி பத்துப் படிகளில் உடைக்கின்றன. கடைசியில்தான் வழி பிரிகிறது. ஈஸ்ட் அதைச் சாராயமாக்குகிறது. தயிர்க் குச்சிகளும், மூச்சுப் போதாத நம் தசையும் லாக்டிக் அமிலமாக்குகின்றன. நம் தசை ஒருவகையில் தயிர் தோய்க்கிறது!

பத்துப் படி ஏறி என்ன லாபம்? அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்திஜியின் சொல்லைக் கேட்டுக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1922இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். 1929இல் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையிலிருந்து ஒரு பாஸ்பேட் பொருளைப் பிரித்தார். மயர்ஹோபின் சோதனைச்சாலையில் லோமன் என்பவரும் அதே வருஷம் அதையே கண்டார். அதற்குச் சுருக்கமாக ஏ.டி.பி. என்று பெயர். உயிருள்ள எல்லாச் செல்லிலும் செலாவணியாகும் நாணயம் அதுதான். ஈஸ்ட் ஒரு சர்க்கரை மூலக்கூற்றைச் சாராயமாக்கினால் இரண்டு நாணயம் மிச்சம். அந்த இரண்டுக்காகத்தான் இத்தனை நுரையும்.

சுப்பாராவின் அண்ணன் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் மாண்டவர். பிற்காலத்தில் லெடர்லி மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, சுப்பாராவின் குழு 1945இல் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்தது. ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் பிழைத்தார்கள். ஈரலிலிருந்து எடுத்த சரக்கில் அந்த வைட்டமின் இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த அளவுகோல் ஒரு கிருமிதான். வைட்டமின் இருந்தால் அது பெருகும், இல்லாவிட்டால் பெருகாது. லாக்டோபாஸிலஸ் கேஸியை என்று பெயர். பாலைப் புளிக்கவைக்கும் ஜாதி.